பூட்டை எடுத்துவிட்டவன்

அந்த நாட்களில் என் வேலை பூட்டுகளை எடுத்துவிடுவது. கந்தோரில் என் பதவிக்கு நீளமான ஒரு நோர்வேஜியப் பெயர் இருந்தது. ஆனால் ஒரு நாளில் பாதி நேரம் நான் செய்தது இதைத்தான். யாரோ ஒருவர் கணினியில் ஒரு பதிவைத் திறந்து வைத்துவிட்டுக் கோப்பி குடிக்கப் போயிருப்பார். இன்னொருவர் அதே பதிவில் ஏதோ மாற்றப் பார்த்து, முடியாமல் எரிச்சலோடு எங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். நான் இருந்த இடத்திலிருந்தே அந்தப் பூட்டை அழித்துவிடுவேன். பத்து விநாடி வேலை. இதற்காகவா இத்தனை வருடம் விழுந்து விழுந்து படித்தீர்கள் என்று மனைவி கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

எங்களுடையது சின்ன நிறுவனம். பெரிய சமையற்கூடங்களுக்கு மென்பொருள் செய்து விற்றோம். ஒஸ்லோவைச் சுற்றியுள்ள முதியோர் இல்லங்கள் பலவற்றுக்குச் சாப்பாடு ஒரே இடத்தில் சமைத்து, தட்டுத் தட்டாக மூடி, வண்டியில் போகும். ஒவ்வொரு முதியவருக்கும் எங்கள் மென்பொருளில் ஓர் உணவு அட்டை இருந்தது. எந்த இல்லம், எந்த மாடி, உப்புப் போடலாமா, பால் ஒத்துக்கொள்ளுமா, சாப்பாட்டை முழுதாகக் கொடுப்பதா மசித்துக் கொடுப்பதா. அட்டையில் இருப்பது அப்படியே லேபலில் அச்சாகும். லேபலைத் தட்டின் மூடியில் ஒட்டுவார்கள். இல்லத்தில் தட்டை எடுத்துக் கொடுப்பவர் அந்த லேபலைத்தான் பார்ப்பார். இந்த நாட்டில் கணினி அச்சடித்துத் தந்ததை யாரும் சந்தேகிப்பதில்லை. அதை எழுதியவர்களில் ஒருவனாக இருந்தும் நானும் சந்தேகிக்கவில்லை.

ஒரே அட்டையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைக்கக் கூடாது என்பதற்காகத்தான் பூட்டு. முதலில் திறப்பவரின் பெயரும் நேரமும் ஒரு பட்டியலில் விழும். அடுத்தவருக்குத் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வரும், அட்டை இன்னாரிடம் திறந்திருக்கிறது என்று. அவர் வாசிக்கலாம், மாற்ற முடியாது. முதலாமவர் சேமித்து மூடினால் பூட்டு தானாகப் போய்விடும். அவருடைய கணினி நின்றுபோனாலோ அவர் மறந்து வீட்டுக்குப் போய்விட்டாலோ அது அப்படியே கிடக்கும். அப்போதுதான் எங்களைத் தேடுவார்கள்.

எடுத்துவிடுவதற்கு ஒரு முறை வைத்திருந்தோம். முதலில் ஒரு குறிப்பு எழுத வேண்டும், அதற்கு ஓர் எண் விழும். பிறகு பூட்டில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவருக்குத் தொலைபேசி எடுத்து, "நீங்கள் இன்னும் அதில் வேலை செய்கிறீர்களா?" என்று கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னால்தான் கை வைக்கலாம். இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் எங்கள் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டை. அட்டையைத் திறக்கும்போது மட்டும்தான் அது பூட்டைப் பார்க்கும். சேமிக்கும்போது பார்க்காது. இடையில் பூட்டை எடுத்துவிட்டால் ஒரே அட்டை இரண்டு திரைகளில் திறந்திருக்கும். இரண்டு பேரும் சேமிக்கலாம். கடைசியாகச் சேமித்தவரின் திரையில் இருப்பது முழுதாக மற்றவருடையதை அழித்துவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ஒருவருக்கும் ஒரு எச்சரிக்கையும் வராது.

அதை அடைக்க வேண்டும் என்று நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். "தொலைபேசி எடுத்துக் கேட்கிறோம்தானே, அது போதும்" என்றார் மேலாளர். அவர் சொன்னதில் பிழையில்லை. கேட்க வேண்டியவன் கேட்டிருந்தால் போதும்தான்.

ஸ்ட்ரோம்மன் பக்கத்தில் எங்கள் வாடிக்கையாளர்களின் சமையற்கூடம் ஒன்று இருந்தது. அங்கே தட்டுகளைப் பொதி செய்கிற பகுதியில் எங்கள் தமிழ் ஆட்கள் பலர். அதில் ஓர் அக்கா. எனக்குச் சொந்தமில்லை. வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் இரண்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் நின்று மீன் வெட்டியவர்கள் நாங்கள். அந்தக் குளிரில் பக்கத்தில் நின்றவரை வேறு எப்படிக் கூப்பிடுவது? தெற்கே இறங்கிய பிறகு நான் படித்துக் கந்தோருக்குள் புகுந்துகொண்டேன். அவர் அதே மாதிரித் தொப்பியும் கையுறையுமாக இன்னொரு வரிசையில் போய் நின்றார். நோர்வேஜிய மொழி அவருக்குக் கடைசிவரை மடங்கவில்லை. ஆனால் எங்கள் மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே என்பது அவருக்கு அத்துப்படி. அதனால் மாடி மாறியது, அறை மாறியது போன்ற சின்னத் திருத்தங்களை அவரிடமே விட்டிருந்தார்கள்.

அவருடையது தற்காலிக வேலை. ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து வருடங்களை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணவருக்கு முதுகு போய், அவர் வீட்டில் படுக்கையும் கதிரையுமாக இருந்தார். அந்த இலையுதிர் காலத்தில் அக்காவின் வாயில் ஒரே கதை.

"தை மாசத்திலை எனக்கு ஃபாஸ்ட் தருவினமாம் தம்பி. தலைமைப் பொம்பிளை தன்ரை வாயாலை சொன்னவ."

நிரந்தர வேலையை இங்கே நாங்கள் ஃபாஸ்ட் என்றுதான் சொல்வோம். அந்த வீடு முழுவதும் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சிவப்புப் பெட்டி வந்தால் அக்கா எங்கள் உதவி எண்ணுக்கு எடுக்க மாட்டார். அங்கே பாட்டுக் கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும், பிறகு தெரியாத ஒருவரிடம் தெரியாத மொழியில் விளங்கப்படுத்த வேண்டும். நேராக என் கைத்தொலைபேசிக்கு எடுப்பார். எங்களுக்குள் இது வழக்கம்தான். எந்த இடமாக இருந்தாலும் உள்ளே எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பார்ப்போம். இருந்தால் வரிசையில் நிற்பது மடைத்தனம். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கிற அந்த ஆள் நான் என்பதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அக்கா மற்றவர்களிடம் "தம்பியிட்டைச் சொன்னால் உடனை செய்து தருவார்" என்று சொல்லும்போது எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். அக்காவுக்காக நான் ஒருநாளும் குறிப்பு எழுதியதில்லை. வீட்டு ஆளுக்கு எண் கொடுப்பார்களா?

அது நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை. பனி இன்னும் விழவில்லை, மழை மட்டும். பத்தே முக்காலுக்கும் கந்தோரில் எல்லா விளக்குகளையும் போட்டுக்கொண்டுதான் இருந்தோம். கைத்தொலைபேசி அடித்தது.

"தம்பி, வேலையோ?"

"சொல்லுங்கோ அக்கா."

"திரும்பவும் அந்தச் சிவப்புப் பெட்டி. ஒரு ஐயா இரண்டாம் மாடியிலையிருந்து மூண்டாம் மாடிக்கு மாறிட்டார். மாத்த விடுதில்லை. பன்னிரண்டு மணிக்கு லேபல் அடிச்சுப்போடுவினம்."

"ஆற்றை பேர் நிக்குது?"

"சாப்பாட்டு ஆலோசனை சொல்லுற பொம்பிளையின்ரை. அவ கதிரையிலை இல்லை. எங்கையோ எழும்பிப் போட்டா."

பட்டியலைப் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தது. அந்த உணவு ஆலோசகரின் தொலைபேசி இலக்கம் என் திரைக்குக் கீழேயே ஒட்டியிருந்தது. நான் எடுக்கவில்லை. மேசைத் தொலைபேசியில் வேறொருவர் காத்திருந்தார் என்பது ஒரு காரணம், ஆனால் அது சாட்டு. அக்கா கேட்டார், நான் செய்தேன். யோசிக்கவே இல்லை.

"இப்ப பாருங்கோ அக்கா."

"ஓம், ஓம், திறந்திட்டுது. பெரிய உதவி தம்பி. பிள்ளையள் சுகமோ?"

"சுகம் அக்கா" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் காலையில் மேலாளர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். அவர் கதவைச் சாத்துகிற மனிதர் அல்ல. ஓர் அட்டையின் இலக்கத்தைத் தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். "இதன் வரலாறு வேண்டும். யார், எப்போது, எதை மாற்றினார் என்று. இப்போதே வேண்டும்" என்றார். என்ன நடந்தது என்று கேட்டேன். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுகிற முதியவர் ஒருவருக்கு மசித்த சாப்பாட்டுக்குப் பதிலாக முழு மீன் துண்டு போயிருக்கிறது. தொண்டையில் சிக்கிவிட்டது. ஆம்புலன்சில் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சையில் வைத்திருக்கிறார்கள்.

அட்டையைத் திறந்தேன். மூன்றாம் மாடி என்று இருந்தது. நேற்று நான் பூட்டை எடுத்த அட்டை.

எங்கள் மென்பொருளின் பதிவேடு, சேமித்தவற்றை மட்டும்தான் எழுதி வைக்கும். யார் திறந்தார், யார் பூட்டினார், யார் பூட்டை எடுத்தார் என்பதெல்லாம் அதில் இராது. செவ்வாய்க்கிழமைக்கு இரண்டே வரிகள் இருந்தன. 11.05, ஆலோசகர்: சாப்பாடு "முழுதாக" என்பதிலிருந்து "மசித்து". 11.12, அக்காவின் பெயர்: மாடி இரண்டிலிருந்து மூன்று, சாப்பாடு "மசித்து" என்பதிலிருந்து "முழுதாக".

மேலாளருக்கு அந்த இரண்டு வரிகள் ஒரு கதையைச் சொல்லின. பொதி செய்கிற ஒரு பெண், ஆலோசகர் எழுதியதை ஏழு நிமிடம் கழித்து மாற்றியிருக்கிறாள். எனக்கு நடந்தது கண் முன்னால் தெரிந்தது. ஆலோசகர் அட்டையைத் திறந்து "மசித்து" என்று மாற்றிவிட்டு, சேமிக்க முதல் யாரோ கூப்பிட எழும்பிப் போயிருக்கிறார். நான் பூட்டை எடுத்தேன். அக்கா திறந்தபோது அவருடைய திரையில் வந்தது பழைய அட்டை, முழுச் சாப்பாட்டோடு. அவர் சேமிக்க முதல் தட்டு வண்டி தள்ள யாராவது கூப்பிட்டிருப்பார்கள். அதற்குள் ஆலோசகர் திரும்பி வந்து சேமித்தார். சேமித்தாயிற்று என்று திரையும் சொல்லியிருக்கும். பிறகு அக்கா வந்து மாடியை மாற்றிச் சேமித்தார். அவருடைய திரையில் கிடந்த பழைய "முழுதாக" அதோடு சேர்ந்து ஏறிவிட்டது. இரண்டு பெண்களும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். பிழை செய்தவன் அந்தப் பதிவேட்டில் எந்த வரியிலும் இல்லை.

"இதற்குப் பூட்டு இருக்க வேண்டுமே" என்றார் மேலாளர். "அந்த நேரத்தில் நம் பக்கத்திலிருந்து யாராவது பூட்டை எடுத்தார்களா?"

"குறிப்பு எதுவும் பதிவாகவில்லை" என்றேன்.

அது பொய் இல்லை. குறிப்பு எதுவும் பதிவாகவில்லைதான். அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டு, "நல்லது" என்றார். அந்த "நல்லது" எனக்குள்ளும் இறங்கியது. நான் தப்பிவிட்டேன் என்று என் உடம்பு முழுவதும் ஆறுதல் பட்டது. இத்தனை வருடம் கழித்தும் அந்த ஆறுதலைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு அந்த ஓட்டையை நானே அடைத்தேன். சேமிக்கும்போது, நீ திறந்த பிறகு வேறு யாராவது மாற்றினார்களா என்று பார்த்து, மாற்றியிருந்தால் மறுத்துவிடுகிற ஒரு சின்னச் சோதனை. எழுத அரை நாள்கூடப் பிடிக்கவில்லை. அதற்கு எனக்குப் பாராட்டும் கிடைத்தது.

வியாழக்கிழமை அந்த முதியவர் இறந்துபோனார். அன்று நான் வேலை முடிந்து வீட்டுக்கு, பியோர்ண்டாலுக்குப் போகும் பஸ்சில் இருந்தபோது அக்கா எடுத்தார்.

"தம்பி, நான் சாப்பாட்டைத் தொடவேயில்லை. மாடியை மட்டும்தான் மாத்தினனான். என்ரை பிள்ளையளாணை."

"தெரியும் அக்கா."

"அப்ப எப்பிடி மாறினது? என்ரை பேர் கிடக்குதாமே."

பஸ்சில் இருந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். ஆலோசகரின் அட்டை திறந்திருந்ததையும், அவரைக் கேட்காமல் நான் பூட்டை எடுத்ததையும், பழையது புதியதற்கு மேல் ஏறியதையும் சொன்னேன். ஒரு தரிப்பிடம் கடந்தது. இன்னொன்றும் கடந்தது.

"இது தெரிஞ்சால் உங்கடை வேலை போயிடுமோ?"

"போயிடும்" என்றேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம், தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் உடனே சொன்னேன். நான் தப்ப அவர் என்ன சொல்ல வேண்டும் என்று என் மனதுக்குத் தெரிந்திருந்தது.

"என்ரை?"

"உங்களுக்கு ஒண்டும் செய்ய மாட்டினம் அக்கா. கை தவறினது எண்டு எடுப்பினம்."

எதை வைத்து அப்படிச் சொன்னேன்? ஒன்றையும் வைத்து அல்ல. அவர் "ம்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை மேலாளர் மறுபடியும் வந்தார். இந்த முறை கதவைச் சாத்தவில்லை. சமையற்கூடத்தில் அந்தப் பெண்ணை விசாரிக்கப் போகிறார்களாம். முறையான மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டுமாம். "உனக்குத் தமிழும் தெரியும், மென்பொருளும் தெரியும். நீயே போனால் எல்லாருக்கும் சுலபம்" என்றார். அவர்களும் வரிசையைத் தாண்ட விரும்பினார்கள். நான் மறுத்திருக்கலாம். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று ஒரு வார்த்தை போதும். ஏன் தெரியும், எவ்வளவு தெரியும் என்று அடுத்த கேள்வி வரும் என்ற பயத்தில் மேலங்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

சின்ன அறை. கண்ணாடிக்கு அப்பால் வரிசையில் தட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வெள்ளைத் தொப்பிகள் எங்கள் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தன. மேசையில் சமையற்கூடத் தலைவி, பக்கத்தில் உணவு ஆலோசகர். அழுது வீங்கிய முகம் அவருக்கு. எதிரே அக்கா, கோயிலுக்குப் போவது போல் நல்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேசை நடுவில் நான் அச்சடித்துக் கொடுத்த அந்த இரண்டு வரிகள்.

தலைவி கடுமையான மனுஷி அல்ல. அது இன்னும் மோசமாக இருந்தது. மெதுவாகக் கேட்டார்: "மசித்து என்று இருந்ததை ஏன் முழுதாக என்று மாற்றினீர்கள்?"

நான் தமிழில் சொன்னேன். அக்கா தலைவியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"கை தவறி அமத்திப்போட்டன் எண்டு சொல்லுங்கோ தம்பி."

"அக்கா..."

"சொல்லுங்கோ."

தலைவி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

சொன்னேன். பிசிறில்லாத நோர்வேஜிய மொழியில், ஒரு சொல் தடுமாறாமல் சொன்னேன். தலைவி எழுதிக்கொண்டார்.

"அட்டையை மாற்றும்போது யாரிடமாவது உதவி கேட்டீர்களா?"

இதைத் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா காத்திருக்கவில்லை. கேள்வி அவருக்கு விளங்கியிருந்தது.

"இல்லையெண்டு சொல்லுங்கோ. நானாத்தான் செய்தனான்."

அதையும் சொன்னேன். அப்போது ஆலோசகர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார், மொழிபெயர்ப்பாளனாக அல்ல, மென்பொருள்காரனாக.

"நான் சேமித்தேன். என் கண்ணால் பார்த்தேன். இரண்டு பேரிடம் ஒரே நேரத்தில் அது திறந்திருந்திருக்க முடியுமா?"

அவருக்கு அது தேவைப்பட்டது. அந்தக் கேள்விக்கு ஆம் என்று ஒரு பதில் வந்திருந்தால் அந்த அறையில் இரண்டு பெண்கள் மூச்சு விட்டிருப்பார்கள். என் வாய்க்குள் அந்தப் பதில் இருந்தது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், கந்தோரில் என் பெயர் போட்ட கதவு, தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் என்னைப் பற்றிச் சொல்கிற பேச்சு, எல்லாம் ஒன்றாக வந்து அதை உள்ளே தள்ளின.

"முடியாது" என்றேன். "பூட்டு இருக்கிறது."

அதை யாரும் தமிழாக்கச் சொல்லவில்லை. தேவையும் இருக்கவில்லை. அக்கா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது நுனி சிவந்திருந்தது. அவருடைய பொய்யை மொழிபெயர்த்தவரைக்கும், ஏதோ அவர் கேட்டதைச் செய்கிறேன் என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருக்கலாம். இந்தப் பொய் முழுக்க என்னுடையது.

தலைவி ஒரு தாளை எடுத்து முன்னால் வைத்தார். ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப்படாது, நடந்ததை ஊழியர் ஏற்றுக்கொள்கிறார். அரைப் பக்கம்தான். அதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள் என்றார். நான் வரி வரியாகத் தமிழில் வாசித்தேன். கை தவறினது என்று எடுப்பினம் என்று சொன்ன அதே வாயால் வாசித்தேன். வாசித்து முடித்த பிறகு அக்கா பேனாவை எடுத்துக்கொண்டு, தாளை என் பக்கம் கொஞ்சம் திருப்பினார்.

"எங்கை தம்பி வைக்கிறது?"

நான் விரலை வைத்து இடத்தைக் காட்டினேன்.